சனிக்கிழமை ரேஸ் ஓட்ட, வாரம் முழுக்க என்ன வேலை?

அன்புச் சகோதரிக்கு,

"டாக்டரும் வேண்டாம், ஐ.டி.யும் வேண்டாம், ஸ்டாக் கார் டிரைவர் ஆகப்போகிறேன்" என்று பதினைந்து வயது மகன் சொன்னால், இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலுள்ள கிங்ஸ் லின் மருத்துவமனையில் நைட் டியூட்டி முடித்து வரும் தாய்க்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கூடப் படிக்கும் பையனின் அப்பா ஓட்டுகிறார், சனிக்கிழமை ஆனால் இவனும் அங்கேதான் என்று எழுதியிருக்கிறீர்கள். "இதில் சம்பளம் எவ்வளவு வரும்?" என்பது உங்கள் கேள்வி. சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஆனால் இதை வைத்து அவனைத் தடுத்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். உங்கள் கணவர் யூடியூபில் பார்த்துவிட்டுக் கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது என்றாரே, அது அமெரிக்க நாஸ்கார். பிரிட்டன் ஸ்டாக் கார் வேறு ரகம். 1954-ல் லண்டன் நியூ கிராஸ் மைதானத்தில் தொடங்கியது. ஏறக்குறைய கால் மைல் நீளமுள்ள ஓவல் தடம், தார் அல்லது ஷேல் மண் தரை. பிரிஸ்கா ஃபார்முலா 1 என்ற உச்சப் பிரிவில் (டிவியில் வரும் கிராண்ட் பிரீ ஃபார்முலா ஒன் வேறு) வி8 என்ஜின், 600 குதிரைத்திறனைத் தாண்டும் சக்தி, முன்னும் பின்னும் கனத்த இரும்பு பம்பர். முன்னால் போகிறவனை பம்பரால் இடித்து ஒதுக்கிவிட்டு முந்துவது இங்கே விதிக்கு உட்பட்டதுதான். (டிவியில் பழைய கார்களை மோதி நொறுக்குவார்களே, அது பேங்கர் ரேசிங். இரண்டும் ஒன்று என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள், கோபப்படுவான்.)

ஒருமுறை நீங்களும் போய்ப் பாருங்கள். வண்டிகளின் கூரை நிறத்தைக் கவனியுங்கள். புதியவருக்கும் புள்ளி குறைந்தவருக்கும் வெள்ளை. பிறகு மஞ்சள், நீலம், சிவப்பு. அதற்கும் மேலே கூரையில் விளக்கு மினுக்கும் சூப்பர்ஸ்டார்கள். திறமைசாலிகள் முன்னால் நிற்க மாட்டார்கள். வெள்ளைக் கூரைகள் முன்வரிசை, சூப்பர்ஸ்டார்கள் கடைசி வரிசை. ஜெயிக்க வேண்டுமென்றால் மொத்தக் கூட்டத்தையும் இடித்துக்கொண்டு முன்னேற வேண்டும். நன்றாக ஓட்ட ஓட்டப் பின்னுக்குத் தள்ளப்படுகிற விளையாட்டு இது. உலகச் சாம்பியனுக்கு ஒரு வருடம் தங்க நிறக் கூரை. ஜான் லண்ட் என்பவர் எட்டு முறை அந்தப் பட்டத்தை வென்றிருக்கிறார்.

ஆனால் நீங்கள் அங்கே பார்க்க வேண்டியது தடத்தை மட்டுமல்ல, வண்டிகளைப் பழுது பார்க்கும் இடமான பிட்ஸையும். ஒரு ஹீட் (ஆரம்பச் சுற்றுப் பந்தயம்) முடிந்து வண்டி உள்ளே வரும்போது அச்சு வளைந்திருக்கும், பம்பர் ஒரு பக்கம் தொங்கும். அடுத்த ரேஸுக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஒருவர் ஜாக் போடுவார், ஒருவர் கேஸ் டார்ச்சைப் பற்றவைப்பார், இன்னொருவர் சம்மட்டியோடு தயாராக நிற்பார். பெரும்பாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சிநேகிதர்கள்தான். சம்பள ஆள் அபூர்வம். இதில் உங்கள் பையன் எங்கே நிற்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பாருங்கள். வேலியோரம் போனில் படம் எடுக்கிறானா, ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறானா? அதற்கான பதில் எனக்கு அவனுடைய மார்க் ஷீட்டைவிட முக்கியம்.

பணக் கணக்குக்கு வருவோம். போட்டியில் நிற்கிற பிரிஸ்கா ஃபார்முலா 1 வண்டி ஒன்று கட்ட பல்லாயிரம் பவுண்டு ஆகும். பரிசுப் பணம் டயருக்கும் டீசலுக்குமே போய்விடும். இதை நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவர் என்று கைகாட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். சனிக்கிழமை கோப்பையைத் தூக்கியவரும் திங்கள் காலையில் தன் இரும்புக் கடைக்கோ லாரி கம்பெனிக்கோ பட்டறைக்கோ பண்ணைக்கோ போய்விடுவார். விளையாட்டிலிருந்தே தொழில் கண்டவர்களும் உண்டு. ஃபிராங்கி வெயின்மன் ஜூனியர் தான் ஓட்டுவதோடு மற்றவர்களுக்கு வண்டி கட்டியும் தருகிறார். அவருடைய வருமானம் ஸ்டியரிங்கிலிருந்து வருவதைவிட வெல்டிங் டார்ச்சிலிருந்து வருவதே அதிகம் என்று நினைக்கிறேன்.

"கிராண்ட் பிரீ ஃபார்முலா ஒன்னுக்கே போனவர்கள் இருக்கிறார்கள்" என்று மகன் வாதாடுவான். உண்மைதான். டெரெக் வார்விக் 1973-ல் சூப்பர்ஸ்டாக்ஸ் என்ற ஸ்டாக் கார் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர். 1981-ல் டோல்மன் அணியில் கிராண்ட் பிரீ உலகத்துக்குள் நுழைந்தார், 1992-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். உங்கள் ஊரிலேயே பிறந்த மார்ட்டின் பிரண்டில் நார்ஃபோக் புல்தரைப் பந்தயத்தில் சிறுவனாகத் தொடங்கி, ஓவல் தடத்தில் ஹாட் ராட் என்ற ரகக் கார் ஓட்டி, ஃபார்முலா ஒன்னுக்குப் போய், 1990-ல் லெ மான் வென்றவர். இன்று டிவியில் கிராண்ட் பிரீ வர்ணனை செய்வது அவர்தான். இருவர் வரலாற்றிலும் ஒரு வரியை மகனுக்குக் காட்டுங்கள். வார்விக் குடும்பத்துக்கு டிரெய்லர் தயாரிக்கும் தொழில், பிரண்டில் குடும்பத்துக்குக் கார் விற்பனை. ரேஸுக்கான காசு வேறொரு தொழிலிலிருந்து வந்தது. உங்கள் வீட்டில் அப்படியொரு தொழில் இல்லை. அதை அவனே கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, தடங்களே மூடப்பட்டு வருகின்றன. கோவென்ட்ரியில் 2016-ஓடு முடிந்தது, விம்பிள்டன் 2017-ல். அமெரிக்கப் பாணியில் 2001-ல் கோர்பி அருகே திறந்த ராக்கிங்ஹாமிலும் 2018-க்குப் பிறகு பந்தயம் இல்லை. ரியல் எஸ்டேட்காரன் கண் வைக்கிற நிலத்தை நம்பி முழுநேர வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

என் யோசனையைச் சொல்கிறேன். "ஓட்டக் கூடாது" என்று சொல்லாதீர்கள். "ஓட்டு, ஆனால் அந்த வண்டியை உன்னால் கட்டவும் பழுது பார்க்கவும் முடிய வேண்டும்" என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் பதினெட்டு வரை ஏதாவது படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தே ஆக வேண்டும். ஆகவே படிப்பை விட்டுவிட்டு ரேஸ் என்பதற்குச் சட்டமே இடம் தராது. ஜி.சி.எஸ்.இ.யில் (பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கணக்கும் ஆங்கிலமும் கிரேடு 4-க்குக் குறைந்தால் பதினாறுக்குப் பிறகும் அதையே தொடர வேண்டிவரும், அதனால் இந்த வருடம் இவை இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு இரண்டு வழி. ஒன்று, வெல்டிங்-ஃபேப்ரிகேஷன் அல்லது கனரக வாகன மெக்கானிக் அப்ரென்டிஸ்ஷிப், சம்பளத்தோடு கற்கலாம். இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான லெவல் 3 இன்ஜினியரிங் முடித்து ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ், கோவென்ட்ரி போன்ற பல்கலைக்கழகங்களில் மோட்டார்ஸ்போர்ட் இன்ஜினியரிங். இந்தப் பட்டம் பெற்றவர்களுக்கு மில்டன் கீன்ஸ், பிராக்லி பக்கத்து கிராண்ட் பிரீ அணிகள், நார்ஃபோக்கிலேயே ஹெதலில் லோட்டஸ் கார் கம்பெனி என்று கதவுகள் உண்டு, போட்டியும் கடுமையாக உண்டு. உங்கள் கடிதத்தில் அவன் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய கதையைப் படித்தபோது, எனக்கு முதல் வழிதான் பொருத்தமாகப் பட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இதில் சேர்க்காதீர்கள். நல்ல வெல்டருக்கு இந்த நாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை.

சிறுவர்களுக்கான மினிஸ்டாக்ஸ் வண்டி கேட்டு நச்சரிக்கிறானாமே, வாங்காதீர்கள். அது பதினாறு வயது வரைதான். ஒரு வருடத்துக்காக அந்தச் செலவு வீண். அதற்குப் பதில் நண்பனின் அப்பாவுடைய பட்டறையில் வாரம் ஒரு மாலை உதவிக்கு விடுங்கள். பதினாறுக்கு மேல் இரண்டு லிட்டர் என்ஜின் ஓடும் ஸ்டாக் கார் ஃபார்முலா 2 உட்பட வேறு பிரிவுகள் இருக்கின்றன. அப்போதும் பழைய வண்டியில் தொடங்கட்டும். தடம் ஓ.ஆர்.சி.ஐ. (ஓவல் பந்தயங்களை மேற்பார்க்கும் அமைப்பு) உரிமம் பெற்றதா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா, ஹெல்மெட்டும் கழுத்துப் பாதுகாப்பும் காலாவதி ஆகாதவையா என்று நீங்களே பாருங்கள். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ரேஸ் முடிந்தது என்பதை வீட்டு விதியாக இப்போதே பேசி வையுங்கள். நர்ஸ் அம்மா சொன்னால் எடுபடும்.

கடைசியாக விசா. நீங்கள் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பதாகச் சொன்னீர்கள். அதில் உங்களைச் சார்ந்து வந்தவர் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை பார்க்க அனுமதி இல்லை. பொழுதுபோக்காக ஓட்டுவது வேறு விஷயம் என்றாலும், பரிசுப் பணம், ஸ்பான்சர் என்று பேச்சு வருவதற்குள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். அப்ரென்டிஸ்ஷிப் நிதிக்கும் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும் எத்தனை வருடம் இங்கே வசித்தீர்கள் என்ற கணக்கு உண்டு. கல்லூரியின் ஓபன் ஈவ்னிங்குக்குப் போகும்போது வந்திறங்கிய தேதி உள்ள பாஸ்போர்ட்டையும் இ-விசா விவரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும்.