4 ஜிபி ராம் லப்டொப்பில அனிமேஷன் பழக மலிவா எந்த சொஃப்ட்வெயர் வாங்கலாம்?

மல்லாவிப் பக்கத்துத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார். ஏஎல் எழுதிட்டு நிக்கிறாராம், அண்ணன்ர பழைய லப்டொப் ஒண்டு கிடக்காம், கார்ட்டூன் செய்யப் பழக ஆசை, மாசாமாசம் டொலரில கட்ட வசதியில்லை, மலிவா எதை வாங்கலாம் எண்டு.

தம்பி, இப்ப ஒண்டும் வாங்காதேங்கோ. நான் கிளிநொச்சியில கலியாண வீடியோ எடிட் பண்ணுறனான், டைட்டிலுக்கு சின்னச் சின்ன அனிமேஷன் செய்யப் போய்த்தான் இதுக்குள்ள விழுந்தது. 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூபா எண்டு இருக்கேக்க வெளிநாட்டில இருக்கிற மச்சான்ர கிரெடிட் கார்ட்ல ஒரு சொஃப்ட்வெயருக்கு மாசக் கட்டணம் தொடங்கினன், மே மாசம் டொலர் 360 ஐத் தொட்டுட்டுது, மச்சானுக்குக் காசு குடுத்துக் கட்டுப்படியாகாம நிப்பாட்டிட்டன், செய்த வேலை எல்லாம் டிஸ்க்கில அப்பிடியே கிடக்குது ஆனா திறக்க ஏலாது. பிறகு ஒரு கடையில கிராக் பண்ணினது (காசு கட்டாம ஓட பூட்டுடைச்ச கள்ளக் கொப்பி) எண்டு பென்ட்ரைவ்ல ஏத்தித் தந்தாங்கள், அதோட வைரஸும் சேந்து வந்து ரெண்டு கலியாண வீட்டு ஃபைல் போச்சு. பொம்பிளை வீட்டுக்காரருக்கு நான் சொன்ன பொய்யை இஞ்ச எழுத வெக்கமா இருக்கு.

அதுக்குப் பிறகு இலவசம் மட்டும்தான். உங்கட மெஷினுக்கு முதல் போடவேண்டியது பென்சில்2டி. சின்ன சொஃப்ட்வெயர், டேட்டாவும் கனக்கத் தின்னாது, திறந்தா ஒரு வெள்ளைப் பேப்பரும் கீழ படங்களை வரிசையா அடுக்கிற டைம்லைனும், அவ்வளவுதான். அழகா இருக்காது, ஆனா ஒரு நாளில பிடிபடும். ஃபோன்ல எண்டா ஃபிளிப்பாகிளிப், விரலாலேயே கீறலாம், காசு கட்டாட்டி வீடியோவில அவங்கட பேர் விழும், பழகுறதுக்கு அது பரவாயில்லைத்தானே.

கிரீட்டா எண்ட இலவச சொஃப்ட்வெயர் கீறுறதுக்கு இவை எல்லாத்தையும் விட நல்லம், பிரஷ் எல்லாம் அருமை, ஆனா ராமை (வேலை ஓடேக்க படங்களை வச்சிருக்கிற நினைவகம்) பாத்துத்தான் இறங்க வேணும். கணக்கைப் பாருங்கோ, 1920க்கு 1080 அளவில ஒரு படம் அமுக்காம நினைவில நிண்டா கிட்டத்தட்ட 8 எம்பி, செக்கனுக்கு 12 படம் வீதம் 10 செக்கனுக்கு 120 படம், ஒரு ஜிபி போயிட்டுது. உங்களிட்ட இருக்கிறது 4, அதில விண்டோஸே பாதியைத் தின்னும். 1280க்கு 720 ஆக்கினா அதே பத்துச் செக்கன் 450 எம்பிக்குள்ள அடங்கும். அதால 720இலேயே பழகுங்கோ, வட்ஸப்பில பாக்கிறவைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஓப்பன்டூன்ஸ் எண்டும் ஒண்டு இருக்கு, ஜப்பான்ல ஜிப்லி ஸ்டூடியோ பாவிச்ச டூன்ஸைத்தான் 2016இல இலவசமா விட்டவை. பேர் பெரிசு, ஆனா முதல் சொஃப்ட்வெயரா அதைத் திறந்தீங்கள் எண்டா அண்டைக்கே அனிமேஷன் வெறுத்துப்போகும்.

பிளெண்டர் எண்ட இலவச 3டி சொஃப்ட்வெயரைப் பற்றி எல்லாரும் சொல்லுவினம். சரிதான், 2025இல ஒஸ்கார் எடுத்த லத்வியாப் படம் ஃப்ளோ பிளெண்டரில செய்ததுதான், அதுக்குள்ளேயே கிரீஸ் பென்சில் எண்டு 2டி கீறுற வசதியும் இருக்கு. ஆனா இப்ப வாற வேர்ஷனுக்கு ஆகக் குறைஞ்சது 8 ஜிபி வேணும் எண்டு அவையே போட்டிருக்கினம். பழைய வேர்ஷன் எல்லாம் அவையின்ர தளத்தில கிடக்கு, ஆசையெண்டா அதில ஒண்டைப் போட்டுப் பாருங்கோ.

என்னத்தைப் போட்டாலும் முதல் மாசம் ஹீரோவைக் கீறி சண்டைக்கு விடாதேங்கோ (நான் விட்டனான், ஹீரோ நடக்கவே இல்லை). எல்லாரும் பந்து துள்ளுறதைக் கீறச் சொல்லுவினம், நீங்கள் பனம்பழம் விழுறதைக் கீறுங்கோ. 12 மீட்டர் பனையில இருந்து நிலத்துக்கு வர ஒண்டரைச் செக்கன் கொஞ்சம் கூட, செக்கனுக்கு 12 எண்டா 19 படம் வரும். முதல் அரைச் செக்கன்ல பழம் ஒரு மீட்டர் சொச்சம்தான் இறங்கியிருக்கும், ஆறு படமும் ஒண்டுக்கு மேல ஒண்டு நெருங்கி நிக்கும், கடைசி அரைச் செக்கன்ல ஆறு மீட்டருக்கு மேல ஓடும், அங்க படங்கள் எட்ட எட்ட நிக்க வேணும். நான் முதல்ல எல்லாத்தையும் ஒரே இடைவெளியில வச்சுக் கீறினன், பழம் லிஃப்ட்ல இறங்கி வந்த மாதிரி இருந்தது. விழுந்தாப் பிறகு பந்து மாதிரித் துள்ளாது, தொப்பெண்டு ஒருக்காச் சப்பளிஞ்சு ஒரு பக்கமா உருளும், அந்தச் சப்பளிவுக்கு ரெண்டு படம் காணும்.

அது சரிவந்தா லான்ட் மாஸ்டர் (ரெண்டு சில்லுக் கை உழவு மெஷின்) ஸ்டார்ட்ல நிக்கிறதைக் கீறுங்கோ. எஞ்சின் நடுக்கம் மூண்டே மூண்டு படம், திருப்பித் திருப்பி ஓடவிட்டா உயிர் வந்திடும், ஹான்டில் மட்டும் ஒரு படம் பிந்தி ஆடவேணும். என்ர மகள் அதைப் பாத்திட்டு வாயால சத்தம் போட்டவள், அதையே ரெக்கோட் பண்ணிப் போட்டிட்டன்.

இடைக்கிடை சேவ் பண்ணுங்கோ, பழைய லப்டொப் பற்றரி கறண்ட் போனா ரெண்டு நிமிசம் நிக்காது.

கொஞ்சம் காசு சேந்தா சொஃப்ட்வெயருக்கு இல்லாம ராமுக்குக் குடுங்கோ. லப்டொப்பின்ர பின்பக்கத்தைக் கழட்டி ரெண்டாவது ஸ்லொட் வெறுமையா இருக்கோ எண்டு பாத்து, இருக்கிற ராம்ல டிடிஆர்3 எண்டு போட்டிருக்கோ டிடிஆர்4 எண்டு போட்டிருக்கோ ஃபோன்ல படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ, மாறி வாங்கினா பொருந்தாது.