லாஜிக் இடிக்கிறதே! – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி விண்வெளித் தொடர்களைப் பற்றியது. அதிலும் முக்கால்வாசி நெல்லைச் சீமையிலிருந்து வந்திருக்கிறது. எல்லாரும் கேட்டிருப்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: கதையில் லாஜிக் ஏன் இப்படி இடிக்கிறது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

ஸ்டார் ட்ரெக் பழைய தொடரில், ஆட்களைக் கரைத்து இன்னொரு இடத்தில் சேர்க்கும் கருவி பழுதாகிவிடுகிறது. கீழே கிரகத்தில் சிலர் குளிரில் விறைத்துச் சாகக் கிடக்கிறார்கள். கப்பலில்தான் சின்ன ஓடம் இருக்கிறதே, அதை அனுப்பிக் கூட்டிவந்தால் என்ன? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

சரியான இடத்தில் பிடித்தீர்கள் தங்கச்சி. அந்த எபிசோட் 1966 அக்டோபரில் ஒளிபரப்பானது. கருவிக்கோளாறில் கேப்டன் கிர்க் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுகிறார், ஒருவர் சாது, இன்னொருவர் கொடூரம். அதைச் சரிசெய்யும்வரை வேறு யாரையும் அந்தக் கருவியில் ஏற்ற முடியாது, கீழே கப்பல் அதிகாரி சூலுவும் கூட இருப்பவர்களும் கதிர்த்துப்பாக்கியால் பாறையைச் சுட்டு அந்தச் சூட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஓடம் திரையில் முதல்முதலாக வருவது 1967 ஜனவரியில். அதாவது இந்த எபிசோடை எழுதும்போது கதையிலும் ஓடம் கிடையாது, ஸ்டுடியோவிலும் கிடையாது. ஓடத்துக்கு செட் போடக் காசில்லை. பொம்மை மாதிரிகள் விற்கும் ஒரு நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது செய்யப்பட்டது.

அந்தக் கரைக்கும் கருவி வந்ததும் காசு இல்லாமல்தான். வாராவாரம் ஒரு புதுக் கிரகத்தில் கப்பல் இறங்குவதாகக் காட்டினால் செலவு கட்டாது, அதனால் ஆட்கள் இங்கே மினுமினுத்து மறைந்து அங்கே போய் நிற்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். செலவு மிச்சம், கதையும் சட்டென்று சூடுபிடித்தது. ஆனால் அதிலிருந்துதான் புதுச் சிக்கல் முளைத்தது. எந்த ஆபத்திலிருந்தும் ஒரு நொடியில் ஆளைத் தூக்கிவிடும் கருவி கையில் இருந்தால், அப்புறம் கதையில் ஆபத்து எங்கே இருக்கும்? ஆகவே எழுத்தாளர்கள் அந்தக் கருவியை அடிக்கடி முடக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் புயல் குறுக்கே வரும், இன்னொரு வாரம் பாறையில் ஏதோ தாது, இன்னொரு வாரம் எதிரியின் கவசம். இதே தொடரில் நீங்கள் பார்க்கும் பாதி இடிகளுக்கு இதுதான் வேர். ஒரு சௌகரியத்துக்காகக் கொண்டுவந்த பொருளை ஒவ்வொரு வாரமும் மறுபடி கட்டிப்போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1966-ல் அதைப் பார்த்தவர்கள் வாரத்துக்கு ஒன்று பார்த்தார்கள், மறு ஒளிபரப்பு வந்தால்தான் இன்னொரு தடவை பார்க்க முடியும். நீங்கள் விடுமுறையில் ஒரே ராத்திரியில் ஆறு எபிசோட் பார்க்கிறீர்கள். ஓட்டை அன்றைக்கே இருந்தது, ஆனால் இவ்வளவு வெளிச்சத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. இதை நான் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. இல்லாத ஓடத்தை யாரால் அனுப்ப முடியும்?

வேற்றுக்கிரகத்துக்குப் போவதே கற்பனை. அதில் போய் லாஜிக் பார்ப்பது நியாயமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

நியாயம்தான் ஐயா. நம் பக்கத்துக் கோயில் கொடையில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்டவர் நீங்கள். விளக்குச் சுடரிலிருந்து சுடலைமாடன் பிறந்தார் என்று பாட்டை நடத்தும் அண்ணாவி பாடும்போது, சுடரில் எப்படிப் பிள்ளை பிறக்கும் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் பாதிக் கதையில் ஒரு வரத்தை மாற்றிப் பாடினாலோ, முன்னே சொன்ன ஒன்றை விட்டுவிட்டாலோ முன்வரிசையில் இருக்கும் பெரியவர் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுவார். அற்புதத்தை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், சொன்ன சொல் மாறுவதை ஒப்புக்கொள்ள மாட்டார். நான் சீரியல் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான்.

ஸ்டார் ட்ரெக் வரிசையிலேயே 1995-ல் ஆரம்பித்த ‘வாயேஜர்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கப்பல் ஊரிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொள்கிறது, திரும்பிவர 75 வருஷம் ஆகும். ஆரம்ப எபிசோட் ஒன்றில், எதிரிக் கப்பல் மேல் ஏவும் டார்பிடோ குண்டு கையில் 38-தான் இருக்கிறது, தீர்ந்தால் வேறு கிடைக்காது என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு நல்ல தொடக்கம்! ஒவ்வொரு டார்பிடோவும் போகும்போது நமக்குப் பதற வேண்டும். ஆனால் ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினால் சுட்டது 38-ஐத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கப்பலும் வாரா வாரம் அடிபட்டு அடுத்த வாரம் பளபளவென்று வந்து நிற்கிறது. பற்றாக்குறையை நம்பித்தான் அந்தக் கதையே எடுத்தார்கள், அதையே மறந்துவிட்டால் 75 வருஷப் பயணத்தின் பாரம் எப்படி நம் மேல் இறங்கும்?

இதைவிடப் பெரிய மறதி ஒன்று இருக்கிறது. ஸ்டார் ட்ரெக்கின் இன்னொரு தொடரான ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’-ல் 1989-ல் வந்த எபிசோட் ஒன்றில் கப்பல் டாக்டர் புலாஸ்கிக்குத் திடீர் முதுமை நோய் வந்து சாகப் போகிறார். அவர் தலைமுடியிலிருந்து எடுத்த டிஎன்ஏவை வைத்து, அந்தக் கரைக்கும் கருவி வழியாக அனுப்பி, பழைய வயதிலேயே அவரை மீட்டு எடுத்துவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், மனிதகுலம் முதுமைக்கே மருந்து கண்டுபிடித்துவிட்டது! அடுத்த வாரம் அதைப் பற்றி மூச்சுவிட ஆளில்லை. தொடர் அதற்கப்புறமும் ஐந்து சீசன் போனது, எத்தனையோ பேர் நோயில் சாகிறார்கள், யாருக்கும் ஒரு முடியை எடுத்து வைப்போமே என்று தோன்றவில்லை. காசில்லாமல் விழுந்த ஓட்டையை நான் மன்னித்துவிடுவேன், இந்த மறதியை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு எபிசோடுக்குள் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த ஒன்றை அடுத்த எபிசோட் தூக்கிப்போட்டால், நாம் அழுததற்கும் பயந்ததற்கும் மதிப்பில்லாமல் போகிறது.

அணுக்கழிவு வெடித்து நிலா பூமியை விட்டே பறந்துபோவதாக ஒரு பழைய சீரியல் பார்த்தேன். கூடங்குளம் பக்கத்தில் இருப்பதால் கேட்கிறேன், அப்படி நடக்குமா? (வாசகி, ராதாபுரம்)

நீங்கள் பார்த்தது 1975-ல் வெளிவந்த ‘ஸ்பேஸ்: 1999’. நிலவின் மறுபக்கத்தில் சேர்த்துவைத்த அணுக்கழிவு 1999 செப்டம்பர் 13 அன்று வெடித்து, நிலாவே அங்கிருக்கும் 311 பேரோடு கிளம்பிவிடுகிறது. நிம்மதியாகத் தூங்குங்கள், நடக்காது. முதலில் திசையே இடிக்கிறது. மறுபக்கத்தில் வெடித்தால் சிதறல் வெளியே போகும், தள்ளுவிசை பூமியை நோக்கி வரும். அப்புறம் எடை. நிலா பூமியின் 81-ல் ஒரு பங்கு நிறை கொண்டது, அதைப் பூமியின் பிடியிலிருந்து பிடுங்கி எறிகிற அளவு வெடிப்பு நடந்தால் அதன் மேலே இருக்கும் ஒரு கட்டடம்கூட மிஞ்சாது.

இதையும் ஒரு தடவை ஒப்புக்கொண்டு உட்காரலாம், தொடக்கத்தில் கேட்கும் ஒரே அற்புதம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த நிலா வாராவாரம் ஒரு புது நட்சத்திரத்துப் பக்கம் போய் நிற்கிறது. 1977-ல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்து நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க அதற்கே 70,000 வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரு வாரத்தில் போகிற வேகம் இருந்தால், போன இடத்தில் நின்று ஆட்களை இறக்கி ஏற்றவும் முடியாது, கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போயிருக்கும். அந்தத் தொடரின் கப்பல்களும் அரங்கமும் அவ்வளவு அழகு. அதனால்தான் எனக்கு ஆதங்கம்.

ஜெர்மன் தொடர் ‘டார்க்’ முழுக்க 33 வருஷக் கணக்கு வருகிறது. அது சும்மா போட்ட எண்ணா? (வாசகர், மேலப்பாளையம்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. பிறைக் கணக்கு வருஷம் 354 நாள், சூரியக் கணக்கு 365. வருஷத்துக்கு 11 நாள் வித்தியாசம், அதனால்தான் ரமலான் ஒரு காலம் கோடை வெயிலிலும் ஒரு காலம் ஐப்பசி மழையிலும் வருகிறது. கிட்டத்தட்ட 33 வருஷத்தில் ஒரு முழுச் சுற்று முடிந்து பழைய பருவத்துக்கே வந்துவிடும். தொடர் பிடித்துக்கொண்டது இந்தச் சூரிய சந்திரக் கணக்கைத்தான்: 1953, 1986, 2019. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் குகையில் வேறு காலத்துக்குப் போகும் வழி திறக்கும் என்பது கற்பனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த விதியை வைத்துக்கொண்டு அவர்கள் கடைசிவரை எவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்கிறார்கள்! அதில் வரும் கடிகாரக்காரர் ஒருவர் எழுதிய புத்தகம், அவர் எழுதுவதற்கு முன்பே அவர் கைக்கு வந்துசேர்கிறது. அப்படியென்றால் அதை முதலில் எழுதியது யார்? விடை கிடையாது, அதை எடுத்தவர்களுக்கே அது தெரியும், தெரிந்தே நம் முன்னால் வைக்கிறார்கள். இதை ஓட்டை என்று சொல்ல மாட்டேன். மறைத்து வைத்தால்தான் அது ஓட்டை.

மகேந்திரகிரி எங்கள் ஊருக்குப் பக்கம். விண்வெளியில் சத்தம் கேட்காது, ஆட்கள் மிதப்பார்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். சீரியலில் கப்பல் வெடித்தால் டமார் என்கிறது, உள்ளே எல்லாரும் நடக்கிறார்கள். (பத்தாம் வகுப்பு மாணவர், காவல்கிணறு)

உங்கள் ஆசிரியர் சொன்னதுதான் சரி தம்பி. சத்தம் போகக் காற்றோ தண்ணீரோ ஏதாவது ஒன்று வேண்டும், வெற்றிடத்தில் அது பயணிக்காது. இருந்தாலும் அந்த டமாரைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. விண்வெளியில் வயலினும் கேட்பதில்லையே, பின்னணி இசையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். 2002-ல் வந்த ‘ஃபயர்ஃப்ளை’ விண்வெளிக் காட்சிகளைச் சத்தமில்லாமலேயே காட்டியது, தேடிப் பாருங்கள்.

நடப்பது வேறு விஷயம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்து கப்பல் வேகம் கூடிக்கொண்டே போனால், தரை மேலே வந்து உங்கள் காலைத் தள்ளும், எடை இருப்பதுபோலவே இருக்கும். 2015-ல் ஆரம்பித்த ‘த எக்ஸ்பான்ஸ்’ இதை அழகாகச் செய்திருக்கிறது. அதில் கப்பல்கள் மாடிக்கட்டடம் மாதிரி, எஞ்சின் அடியில், தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று. எஞ்சினை நிறுத்தினால் உடனே மிதக்கிறார்கள். நாள்கணக்கில் ஓடும் எஞ்சின் என்பதுதான் அங்கே கற்பனை. உங்கள் மகேந்திரகிரி மலையடியில் இஸ்ரோ சோதிக்கிறதே, எல்விஎம்3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) எஞ்சின், அது பறக்கும்போது எரிவது பத்து நிமிடம் போலத்தான். அதற்குள் எரிபொருள் தீர்ந்துவிடும்.

எல்லாக் கிரகத்திலும் நம்மைப் போலவே ரெண்டு கை, ரெண்டு கால், நெற்றியில் மட்டும் ஒரு மேடு. ஏன்? (வாசகர், சங்கரன்கோவில்)

நடிகர்கள் மனிதர்கள் என்பதால். 1993-ல் ஸ்டார் ட்ரெக்கே இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது, ஆதியில் ஒரே இனம் எல்லாக் கிரகத்திலும் விதை போட்டதாக. அது இல்லாமலே நான் ஒப்புக்கொண்டிருப்பேன்.

தொடரில் ராக்கெட் நினைத்த இடத்திலிருந்து கிளம்புகிறது. இங்கே குலசேகரப்பட்டினம்தான் வேண்டும் என்கிறார்களே? (வாசகர், சாத்தான்குளம்)

தொடர்களில் யாரும் கவனிக்காத இடி இது, எழுதியதற்கு நன்றி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப்பாதைக்கு, அதாவது வட தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு, நேர் தெற்கே ஏவ முடியாது, வழியில் இலங்கை இருக்கிறது. எரிந்து விழும் பாகங்கள் அங்கே விழக்கூடாது என்று ராக்கெட் கிழக்கே வளைந்து சுற்றிப்போகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் போகும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். குலசையிலிருந்து தெற்கே திறந்த கடல். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இப்படி ஒரு தீவைச் சுற்றிப்போகும் கஷ்டத்தை ஒரு தொடராவது காட்டினால் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

எங்க வீட்டு அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் குறை சொல்கிறார். பார்க்கவே முடியவில்லை. (வாசகி, கடையநல்லூர்)

குறை சொல்கிறவர் கவனித்துப் பார்க்கிறவர், அதனால் அவரை அங்கிருந்து எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். எபிசோட் முடியும்வரை பேசக்கூடாது, முடிந்ததும் உங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓட்டையைச் சொல்லட்டும், அதை ஒரே ஒரு வசனத்தில் எப்படி அடைக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். முதல் தடவை அந்தக் குளிர் எபிசோடிலேயே தொடங்கலாம். ஓடம் ஏன் போகவில்லை என்பதற்கு உங்கள் வீட்டில் வரும் வசனத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள், நல்லதாக இருந்தால் அடுத்த இதழில் போடுகிறேன்.