அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பெண்களை உடற்பயிற்சிக்குக் கொண்டுவர ஏன் தேவாலயத்தை நாடுகிறார்கள், ஜிம் போதாதா?

ஜிம்முக்குக் காசு வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பல இடங்களில் ஆங்கிலமும் வேண்டும். குடும்பத்தை விட்டுத் தனக்கென ஒரு மணி நேரம் ஒதுக்குவதே தப்பு என்று நினைக்கும் அம்மாக்களும் நிறைய. அதே பெண்கள் தேவாலயத்தில் ஸ்பானிஷில் நடக்கும் திருப்பலி வழிபாட்டுக்குத் தயங்காமல் வருகிறார்கள். அங்கே எல்லாம் தெரிந்த முகங்கள்.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய சான் டியேகோவில் நடந்த ‘ஃபே என் அக்சியோன்’ ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 16 கத்தோலிக்க தேவாலயங்கள், 436 பெண்கள். சில தேவாலயங்களுக்கு உடற்பயிற்சித் திட்டம், மற்றவற்றுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய திட்டம் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வகுப்பு எடுத்தது வெளியிலிருந்து வந்த கட்டுமஸ்தான பயிற்சியாளர்கள் இல்லை. ‘ப்ரொமோத்தோரா’ எனப்படும், அந்தச் சமூகத்திலேயே பயிற்சி பெற்ற பெண்கள். கூட்டாக நடை, நடனம், தசைப் பயிற்சி, எல்லாம் இலவசம். அப்புறம் ஃபோனில் பேசி ஊக்கம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பார்த்து, நடைபாதையைச் சரிசெய்யவும் முயன்றார்கள். நடக்க இடமில்லாமல் ‘நட, நட’ என்றால் யார் நடப்பார்?

ஒரு வருடம் கழித்து, உடலில் கட்டும் அசைவுமானியால் அளந்தபோதும் உடற்பயிற்சிக் குழுவின் சுறுசுறுப்பு கூடியிருந்தது. வாய்வார்த்தைக் கணக்கு மட்டும் இல்லை என்பதால் இதை நம்பலாம்.

ஆனால் பங்குத்தந்தை ஒத்துழைத்து, மண்டபமும் கிடைத்தால்தான் இதெல்லாம் ஓடும். தேவாலயம் போகாத பெண்களுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.