உள்ளூரில் விலைபோகாத மாப்பிள்ளைச் சம்பா

மன்னார்குடிப் பக்கம் நீங்கள் விளைவித்த மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரியச் சிவப்பரிசியை ஊர்க்காரர்களே வாங்காமல் கடைப் பொன்னிக்குப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விலை மட்டுமல்ல ஐயா, பலருக்கு அதைச் சமைக்கத் தெரியவில்லை. பொன்னியைப் போல உடனே உலையில் போட்டால் அந்தச் சிவப்பரிசி விறைத்துக்கொண்டுதான் நிற்கும். முந்தின இரவே ஊறவைக்க வேண்டும், தண்ணீரும் கூடுதலாக வேண்டும். இதை நீங்கள் விற்கும் அரைக்கிலோப் பையின் மேலேயே அச்சிட்டு ஒட்டுங்கள்.

சோற்றில் தொடங்காதீர்கள். அவலாக இடித்து, வெல்லமும் தேங்காய்ப்பூவும் கலந்து, கோயில் திருவிழாவில் ஆளுக்கு ஒரு கை கொடுங்கள், கேட்டு வருவார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள், மருந்தை யார் ஆசையாகச் சாப்பிடுவார்கள்?

அன்றாடச் சோற்றுக்கு தூயமல்லி என்ற வெள்ளையரிசிப் பாரம்பரிய நெல்லையும் பயிரிடுங்கள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை கேளுங்கள். 2 கிலோ வாங்கினால் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் அங்கே ஏற்படுத்திய வழக்கம்.