கறுப்புத் திரையில் 10 என்று வருகிறதே, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: கல்லூரிக்குப் போகும் மகளுக்காக 19,000 ரூபாயில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். 'எட்டாம் தலைமுறை இன்டெல், ஒரிஜினல் விண்டோஸ் 11' என்றார் கடைக்காரர். என் அக்கா மகன் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, வெர்ஷன் என்ன என்று கேட்கும் 'வெர்' கட்டளையை அடித்தான். '10.0.22631' என்று வந்தது. கடையில் கேட்டால், 'கொண்டு வாங்க, 1,500 ரூபாய்க்கு வெர்ஷன் மாத்தித் தர்றேன்' என்கிறார். நான் எதை நம்புவது?

பதில்: அந்த 1,500 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 11தான்.

முன்னால் நிற்கும் 10.0 கணக்கில்லை. அதற்கு அடுத்து வரும் ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள். பில்டு எண் என்பார்கள். 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்டோஸ் 11. விண்டோஸ் 10 கடைசியாக 19045-இல் நின்றுவிட்டது. உங்களுடைய 22631 என்பது விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்பு.

இந்தக் கூத்து எப்படி வந்தது? விண்டோஸ் 7-க்கு உள்ளே 6.1 என்று பெயர், 8-க்கு 6.2. வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் என்று இருக்கும் பிள்ளை மாதிரி. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது உள்ளேயும் 10.0 என்று வைத்தார்கள். அப்பாடா, ஒருவழியாகத் தீர்ந்தது என்று நினைத்தோம். 2021-இல் 11 வந்தது; உள்ளே மட்டும் 10.0 அப்படியே கிடக்கிறது. எண்ணைத் தொட்டால் அதைச் சோதித்துப் பார்க்கும் பழைய மென்பொருள்கள் தகராறு செய்யும், உண்மைதான். ஆனால் எண் மட்டுமல்ல, பெயரும் ஓரிடத்தில் பழையபடியே கிடக்கிறது. கட்டளை அடிக்கும் இன்னொரு திரையான பவர்ஷெல்லில் கெட்-கம்ப்யூட்டர்இன்ஃபோ என்று அடித்தால் தெரியும். விண்டோஸ்ப்ராடக்ட்நேம் என்ற வரியில் 'விண்டோஸ் 10 ப்ரோ' என்று இருக்கும். அதே பட்டியலில் இன்னும் கீழே போனால், ஓஎஸ்நேம் என்ற வரியில் 'விண்டோஸ் 11 ப்ரோ' என்று இருக்கும். ஒரே கட்டளைக்கு இரண்டு பதில்! இதே தொழிலில் இருப்பவர்களே இதில் சறுக்குகிறார்கள், உங்கள் அக்கா மகனைத் திட்டாதீர்கள்.

பேசாமல் இப்படிச் செய்யுங்கள். விண்டோஸ் சின்னம் போட்ட விசையை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டினால் இடது ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் 'வின்வெர்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸின் முதல் மூன்று எழுத்து, வெர்ஷனின் முதல் மூன்று எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. பதிப்பும் பில்டு எண்ணும் ஒரே இடத்தில் தெரியும்.

இந்தப் பெட்டியைக் காட்டிக் கொடுத்த பாவத்துக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்க இந்தப் பெட்டியைத் திறந்து ஒட்டுங்கள்' என்று சில இணையப் பக்கங்கள் கேட்கும். உங்களுக்குத் தெரியாமலே ஒரு கட்டளை நகலாகியிருக்கும்; ஒட்டி என்டர் தட்டினால் கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும் நிரல் இறங்கிவிடும். இந்தப் பெட்டியில் எதையும் ஒட்டவே ஒட்டாதீர்கள். நான் சொல்வதையும் கையால்தான் அடிக்க வேண்டும்.

சரி, 11 என்பது உறுதி. ஆனால் 23எச்2 பதிப்பின் ஹோம், ப்ரோ என்ற இரண்டு வகைகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 நவம்பர் 11-உடன் நின்றுவிட்டன. அடுத்த பதிப்பு இலவசம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போனால் அதுவே வர வேண்டும். கடைக்காரர் 1,500 ரூபாய் கேட்பது பெரும்பாலும் இந்த இலவச வேலைக்குத்தான். எத்தனை முறை தேடியும் அது வரவில்லை என்றால், அப்போதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டும். இயந்திரம் 11-க்குத் தகுதியானதா என்று ஏற்றும்போது நடக்கும் சோதனையை ஏமாற்றி, பழைய இயந்திரத்தில் 11-ஐ ஏற்றியிருக்கலாம். கடைகளில் இது அன்றாடம் நடப்பது. அப்படி ஏற்றியவற்றுக்கு அடுத்த பெரிய பதிப்பு தானாக வராது.

அதனால் புராசசரைப் பாருங்கள். 'சிஸ்டம்இன்ஃபோ' கட்டளையைப் பலரும் சொல்வார்கள். அது 'இன்டெல்64 ஃபேமிலி 6 மாடல் 142' என்று ஏதோ சொல்லும். 142 ஏழாம் தலைமுறையிலும் உண்டு, எட்டிலும் உண்டு! அதை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. அதே பட்டியலில் 'ஒரிஜினல் இன்ஸ்டால் டேட்' என்று ஒரு தேதி வரும். 'பாருங்க சார், 2024 மாடல்' என்று அதைக் காட்டுவார்கள். ஒரு பெரிய அப்டேட் வந்தாலே மாறிவிடும் தேதி அது. லேப்டாப்பின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதே சின்னப் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று அடியுங்கள். எம், எஸ், ஐ, என், எஃப், ஓ, பிறகு 32, நடுவில் இடைவெளி கிடையாது. புராசசர் வரியில் ஐ5-க்குப் பிறகு ஒரு கோடும் நான்கு இலக்கமும் இருக்கும். 8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. அதே வரியில் 4 கோர் என்றும் இருக்கும். 7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, 2 கோர்தான். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் கணக்கு.

கடைசியாக அந்த 'ஒரிஜினல்'. அதே சின்னப் பெட்டியில் இதை அடித்து என்டர் தட்டுங்கள்: எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), ஒட்டினாற்போல எக்ஸ், பி, ஆர். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று பதில் வந்தால் பரவாயில்லை, ஆனால் அதுவே முழுச் சான்றாகிவிடாது. 'வால்யூம் ஆக்டிவேஷன்' என்று தொடங்கி, காலாவதியாகும் தேதி ஒன்றைக் காட்டினால் அது நிறுவனங்களுக்கான லைசென்ஸ் முறை. 180 நாளுக்குள் புதுப்பித்தாக வேண்டும். வீட்டு லேப்டாப்பில் அதற்கு வேலையே இல்லை; பெரும்பாலும் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏதோ ஒரு திருட்டு நிரலை ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எம்எஸ்இன்ஃபோ, இந்த ஆக்டிவேஷன் பெட்டி, இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லேப்டாப்பை அங்கே விட்டுவிட்டு வர வேண்டாம். புராசசரின் முழுப் பெயரைப் பில்லில் எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். ஏழாம் தலைமுறை என்று தெரிந்தால் வெர்ஷன் பேச்சே வேண்டாம், பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.