கேள்வி பதில்: எரிமலை ஓரத்தில் மரமேடை கட்டலாமா?

(தக்கலை பக்கம் 20 வருடமாக மரமேடை, படி, திண்ணை போட்டுத் தருகிறேன். காட்சிமேடை பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.)

மார்த்தாண்டத்துக்காரர், வேலை கிழக்கு ஜாவாவில்: அண்ணே, புரோமோ எரிமலையைப் பார்க்கும்படி ஒரு மலைவிளிம்பில் மரமேடை கேட்கிறார்கள். 60 பேர் நிற்க வேண்டும். தரை முழுக்கச் சாம்பலும் பொடிக்கல்லும். எங்கிருந்து தொடங்க?

தம்பி, மேடையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஓடிவர வழி போடுங்கள். ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று நண்பகல் நேரத்தில் வெடித்தது. சனிக்கிழமை, மலை நிறைய ஆட்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அது நீராவி வெடிப்பு, ஆட்களை இறக்கும் அளவுக்கு முன்னறிவிப்பு கிடைக்கவில்லை. அதனால் மேடைக்கு இரண்டு பக்கமும் படி வேண்டும். பக்கத்திலேயே கல் விழுந்தாலும் தாங்கும் கூரையோடு ஓர் ஒதுங்குமிடமும் வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதை அங்குள்ள எரிமலைக் கண்காணிப்புத் துறை சொல்லட்டும். நீங்களும் நானும் சொல்லக் கூடாது.

அடுத்தது தரை. பொடிக்கல் காலடியில் உருளும், மழையில் அரித்துப் போகும். இறுகிய அடுக்கு வரும்வரை தோண்டி, அகலமான அடித்தளம் போட்டு, அவற்றை ஒன்றோடொன்று உத்தரத்தால் கட்டுங்கள். தனித்தனிக் கால் வேண்டாம். பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறை என்றால், மேலே கெட்டியாக இருக்கும், அடியில் பொந்து இருக்கும். துளை போட்டுப் பார்க்காமல் தூண் நிறுத்தாதீர்கள். கந்தக ஆவி வரும் இடத்தில் கான்கிரீட்டையும் அமிலம் தின்னும், அந்தப் பக்கமே போக வேண்டாம். பள்ளமான இடமும் ஆகாது. கரியமில வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும்.

பாரம்: சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வையுங்கள். மேடை பெரிதுதானே, 60 பேர் பரவி நிற்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிற கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சூரியன் தலை காட்டியதும் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் சாயும். கைப்பிடி அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டும். கூரை போட்டால் சரிவாகப் போடுங்கள். நனைந்த சாம்பல் ஒரு கனமீட்டர் ஒன்றரை டன்கூட இருக்கும். 10 செ.மீ. படிந்தாலே சதுர மீட்டருக்கு 150 கிலோ.

குளச்சல்: எந்த மரம் நல்லது?

தேக்கு, வேங்கை, அயினி. அயினியைச் சிலர் ஆஞ்சிலி என்பார்கள். மரத்தைவிடக் கால் முக்கியம். தூணின் வெட்டுமுகம் மண்ணில் படக் கூடாது, தண்ணீர் நிற்கக் கூடாது. கல்லோ உலோகக் காலோ வைத்துத் தூக்கி நிறுத்துங்கள்.

முட்டம்: எங்கள் ஊர்க் கறுப்புப் பாறை எரிமலைக் குழம்புதானே? தாத்தா சொல்வார்.

இல்லை. நாகர்கோவில் வட்டாரப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட், பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறியது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான், பெயரும் அதிலிருந்தே வந்தது. நெருப்பு கக்குகிற மலை வேண்டுமென்றால் அந்தமானில் பாரன் தீவுக்குப் போக வேண்டும்.

கோட்டாறு, இரும்புப் பட்டறை: எரிமலை ஓரத்தில் போய் மரமா? எரிந்து போகாதா? இரும்பில் செய்தால் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

குழம்பு மேடை வரை வந்தால் 1,000 டிகிரிக்கு மேல் இருக்கும். அப்போது இரும்பும் நிற்காது. அன்றாடச் சண்டை அமிலத்தோடுதான். ஜப்பானில் குசாட்சு என்று ஒரு வெந்நீர் ஊற்று ஊர். தண்ணீரின் அமில அளவு (pH) சுமார் 2, எலுமிச்சைச் சாறு மாதிரி. ஊர் நடுவே அந்தத் தண்ணீரை ஆற வைப்பது மரத் தொட்டிப் பாதைகளில். இரும்பு வைத்தால் கரைந்து போகும்.

அதே கோட்டாறு: துருப்பிடிக்காத எஃகு இருக்கிறதே, 316 என்கிற ரகம். சரி, மரம்தான் என்றே வைத்துக்கொள்வோம். எதை வைத்து இணைப்பீர்கள்? போல்ட் இரும்புதானே?

இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். முட்டம் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் போட்ட மேடையை மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகு பிரித்தேன். ஜிஐ போல்டின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு போல்டின், தலை பளபளவென்று இருந்தது. தட்டி வெளியே எடுத்தால் நடுப்பகுதி சீவிய பென்சில் மாதிரி மெலிந்திருந்தது, சுற்றிலும் மரம் மைக்கறுப்பு. மரத்தின் துவர்ப்பும் உப்புக் காற்றும் சேர்ந்து உள்ளேயிருந்து தின்றிருக்கிறது. சாதா ஜிஐ வாங்கியது நான்தான், தப்பு என்னுடையது. இப்போது 316 தவிர வேறு வைப்பதில்லை. அதுவும் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும், நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

திருவட்டாறு: எந்த மரம் நீடிக்கும்? தேக்கா, அயினியா?

மேலே குளச்சலுக்குச் சொன்னதுதான். தண்ணீர் நிற்கக் கூடாது.

கோட்டாறு மறுபடியும்: அப்படியென்றால் பத்மநாபபுரம் கொட்டாரம், அந்த மர அரண்மனை, இத்தனை நூற்றாண்டு எப்படி நிற்கிறது?

ஓட்டுக் கூரையின் கீழ் நிற்கிறது, ஐயா. தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூணைப் பாருங்கள், அதன்மேல் மழை விழாது. நம் காட்சிமேடை வெட்டவெளியில் நனைகிறது. பலகைக்கும் பலகைக்கும் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள் என்று நான் கத்துவது அதனால்தான்.

பேச்சிப்பாறை: மலைச்சரிவில் விடுதி வைத்திருக்கிறேன். மேடைக்கு அனுமதி வேண்டுமா?

வன எல்லை எங்கே என்று முதலில் வனத்துறையில் கேளுங்கள். அது என் வேலை இல்லை.

கருங்கல்: சிறந்த மரம் எது?

குளச்சல். திருவட்டாறு. மேலே.

கோட்டாறு: கடைசியாக ஒன்று. மர ஆணி மட்டும் வைத்து 60 பேரைத் தாங்க வைப்பீர்களா?

மாட்டேன். தூண் மேல் உத்தரம் உட்காரும் இடத்தில் மர ஆணி போதும், பாரம் மரத்தின் மேலேயே இறங்குகிறது. கைப்பிடிக் காலுக்கும் பக்கவாட்டில் தொங்குகிற உத்தரத்துக்கும் போல்ட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறைக்கு வருகிறேன், அந்த மெலிந்த போல்டையும் கொண்டுவருகிறேன். டீ நீங்கள் வாங்குங்கள்.