கொட்டகையில் நிற்கும் ஸ்கூட்டர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பள்ளி நாட்களில் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு போன டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் 12 ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் அசையவே இல்லை. எஞ்சின் போய்விட்டதா?

பதில்: போய்விட்டது என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகள் துருவேறி சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். கிக்கர்மேல் ஏறி நின்று மிதிக்காதீர்கள். கிக்கர் கியரின் பல்தான் உடையும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுக் கழற்றி, துளை வழியே துரு இளக்கும் எண்ணெய் 10 மி.லி. விடுங்கள். மூன்று நாள், தினமும் கொஞ்சம். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் மெல்ல விட்டுக்கொடுக்கும்.

இளகிவிட்டது என்பதற்காக உடனே பெட்ரோல் ஊற்ற வேண்டாம். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசினாகி வார்னிஷ் வாசனை அடிக்கும். அதே பிசின்தான் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டையும் அடைத்திருக்கும். வண்டி நின்றபடி ஓடும்போது (ஐட்லிங்) பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மி.மீ.கூட இருக்காது. ஊசி விட்டுக் குத்தினால் பித்தளை அகன்று, ஐட்லிங் கடைசிவரை சரியாகாது. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, தேவையானால் மெல்லிய நைலான் நூலை நுழையுங்கள். பெட்ரோல் குழாயைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனை) வைத்த வண்டியானால் அதை லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வையுங்கள்.

வண்டி கிளம்பிய பிறகுதான் உண்மையான சோதனை. சூடானதும் ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் சத்தம் தானே ஏறுகிறதா? அப்படியானால் கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், காய்ந்து, காற்று உள்ளே புகுகிறது. பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சின் கொதித்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஓட்டையும் விழலாம். உடனே நிறுத்துங்கள். வெள்ளைப் புகை அடர்ந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கத்துச் சீலைச் சந்தேகியுங்கள். நின்ற வண்டியில் இரும்பைவிட ரப்பர்தான் முதலில் சாகிறது.

கேள்வி: அந்த நீலப் புகை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அப்பா பெட்ரோலில் கண்ணளவில்தான் ஆயில் ஊற்றுவார். சரியான அளவு என்ன?

பதில்: வாசனைக்காக அதிகம் ஊற்றிவிடாதீர்கள்! கையேடு 2 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; ஐந்து லிட்டருக்கு 100. இன்னும் பழைய வண்டிகளுக்கு 4 சதவீதம் வரைகூடப் போட்டிருப்பார்கள். கூடுதல் ஆயில் கூடுதல் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஜெட் வழியே போவது அளவான திரவம். அதில் ஆயில் ஏறினால் பெட்ரோல் குறைகிறது. பிளக் கறுத்து, சைலன்சரில் கார்பன் அடைந்து, இழுவை செத்துப்போவது தனி. ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றினால், எரிந்து முடிந்தபின் பிளக்கில் சாம்பல் படியும். டேங்கிலேயே கலக்காமல், தனி கேனில் குலுக்கி ஊற்றுங்கள்.

கேள்வி: 14 வயது மகள் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறாள். எதில் தொடங்கலாம்?

பதில்: பிளக்கில். அதன் முனை மர நிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, பெட்ரோல் குறைவு. ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பிளக் முனையில் 0.6 மி.மீ. இடைவெளி வைக்கப் பழகட்டும். மாட்டும்போது முதல் சில சுற்றுகள் விரலால்தான். ஸ்பேனரை எடுத்ததும் முறுக்கினால் அலுமினிய மரை அறுந்துவிடும். புது வாஷருக்கு விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று, பழையதற்குக் கால் சுற்றுக்கும் குறைவு. சூடான எஞ்சினில் கழற்றக் கூடாது. கழற்றிய ஸ்க்ரூக்களை, அவை இருந்த வடிவத்தை அட்டையில் வரைந்து அங்கங்கே குத்தி வைத்தால் நீளம் மாறாது. கழுவ மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் கூடாது.